இரண்டு மீட்டர் உடும்பு எப்படிக் கண்ணில் படாமல் போனது? லூசான் காட்டின் பிட்டட்டாவா: ஒரு நிகழ்வு ஆய்வு

2010 ஏப்ரலில், லண்டன் ராயல் சொசைட்டி வெளியிடும் 'பயாலஜி லெட்டர்ஸ்' ஆய்விதழ் வழியாக ஓர் உடும்புக்கு அறிவியல் பெயர் கிடைத்தது: வாரனஸ் பிட்டட்டாவா. பிலிப்பைன்ஸின் லூசான் தீவில், சியரா மாத்ரே மலைத்தொடரின் நடுப்பகுதியிலும் வடபகுதியிலும் வாழும் விலங்கு இது. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை இரண்டு மீட்டர் வரை வளரும். எடை சுமார் 10 கிலோ. கருநீலம் ஓடிய கறுப்பு உடம்பு, அதன்மேல் மஞ்சள் தெளித்ததுபோல் புள்ளிகள், வாலில் கறுப்பும் பச்சை கலந்த மஞ்சளும் மாறிமாறி வரும் பட்டைகள். மரத்தில் வாழ்கிறது, பழம் தின்கிறது.

ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் புதிய உயிரினங்கள் பெயர் பெறுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை பூச்சிகள், சிலந்திகள், சிறு செடிகள், காளான்கள். ஓர் ஆளைவிட நீளமான முதுகெலும்பி அந்தப் பட்டியலில் வருவது அபூர்வம். அதுவும் லூசானிலிருந்து! அமேசானின் உட்காடு என்றால் சரி எனலாம். லூசான் மணிலா இருக்கும் தீவு. ஐந்து கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள். ஸ்பானியர் காலத்திலிருந்தே வெளியுலகோடு நெருங்கிய தொடர்புள்ள இடம். சியரா மாத்ரேயில் உயிரியலாளர்களும் பலமுறை ஏறி இறங்கியிருக்கிறார்கள். பிறகு எப்படி இது நடந்தது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

இந்த உடும்பு வாழும் காட்டையும் அதன் சாப்பாட்டையும் புரிந்துகொண்டால், ஆய்வாளர் கண்ணில் படாததில் பெரிய வியப்பு ஏதும் இல்லை என்பது என் கருத்து. வியக்க வேண்டியது வேறொன்று. அதே காட்டில் அதை வேட்டையாடிச் சமைத்துத் தின்றவர்களுக்குத் தெரிந்திருந்த செய்தி, ஆய்விதழ் வரை வந்துசேர இத்தனை காலம் பிடித்ததே, அதுதான்.

நடந்தது என்ன

2001 வாக்கில், ஆக்டா பழங்குடி வேட்டைக்காரர்கள் தூக்கிவந்த பெரிய உடும்பு ஒன்றின் புகைப்படம் ஆய்வாளர்களிடம் வந்தது. நிறம் வழக்கமான நீர் உடும்புபோல் இல்லை. ஆனால் படத்தை வைத்து இனம் சொல்ல முடியாது. செதில்களை எண்ண வேண்டும், மண்டையோட்டையும் பற்களையும் பார்க்க வேண்டும், திசு மாதிரி வேண்டும். விஷயம் அப்படியே வதந்திக்கும் ஆவணத்துக்கும் நடுவே கிடந்தது.

2009இல் அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு சியரா மாத்ரேயில் களப்பணியில் இருந்தது. அப்போது முழு வளர்ச்சியடைந்த ஆண் உடும்பு ஒன்று வேட்டைக்காரர்களிடமிருந்து கிடைத்தது. லூக் வெல்டன், கேமரன் சைலர், ரேஃப் பிரவுன் ஆகிய கன்சாஸ் ஆய்வாளர்களோடு, பிலிப்பைன்ஸ் தேசிய அருங்காட்சியகத்தின் அர்வின் டியெஸ்மோஸ், மரவாழ் உடும்புகளை ஆராய்ந்துவந்த பிரிட்டன்காரர் டேனியல் பென்னட், லூசானின் வடகிழக்கில் முதலைப் பாதுகாப்பில் இருந்த டச்சுக்காரர் மெர்லைன் வான் வீர்ட் உள்ளிட்ட ஒன்பது பேர் சேர்ந்து இனவிளக்கத்தை எழுதினார்கள். உடலமைப்பு ஒரு சான்று. மைட்டோகாண்ட்ரியா மரபணுவும் உட்கரு மரபணுவும் இன்னொரு சான்று. இரண்டும் ஒரே திசையைக் காட்டின. தெற்கு லூசானில் வாழும் கிரே உடும்புக்கு (வாரனஸ் ஒலிவேசியஸ்) இது நெருங்கிய சொந்தம், ஆனால் தனி இனம். பெயரை ஆக்டா மக்களிடமிருந்தே எடுத்துக்கொண்டார்கள்.

செய்தித்தாள்கள் அந்த வாரம் இந்த உடும்புக்கு இரட்டை ஆண்குறி இருப்பதைத் தலைப்பில் போட்டுக் கொண்டாடின. பாம்புக்கும் பல்லிக்கும் எல்லாவற்றுக்குமே அது இரட்டைதான். நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கும் அப்படித்தான். அந்த உறுப்பின் நுண்ணமைப்பு இனத்துக்கு இனம் மாறும் என்பதால் வகைப்பாட்டில் அதைப் பார்ப்பார்கள். அவ்வளவுதான் விஷயம்.

காடும் சாப்பாடும்

சியரா மாத்ரே பிலிப்பைன்ஸின் மிக நீளமான மலைத்தொடர். லூசானின் கிழக்குக் கரையை ஒட்டி 500 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. பசிபிக்கிலிருந்து வரும் சூறாவளிகளை முதலில் நெஞ்சில் வாங்குவது இதுதான். இனவிளக்கம் வெளிவந்த அதே ஆண்டு அக்டோபரில் மெகி சூறாவளி ஈசபெலா மாகாணத்தின் இந்தக் கரையில்தான் ஏறியது. மலையின் கிழக்குச் சரிவில் ஈரம் ஆண்டு முழுக்கத் தீராது. தாழ்ந்த சரிவுகளில் லவான் முதலான உயர்ந்த மரங்கள். அவற்றின் கிளைகள் ஒன்றோடொன்று கோத்து மேலே ஒரு தளம்போல் நிற்கும். கொடிகளும் பிரம்பும் மரத்துக்கு மரம் பாலம் போடும்.

இந்த மேல்தளத்தில்தான் பிட்டட்டாவா வாழ்கிறது. கீழே இறங்குவது குறைவு. காடு முடிந்து வெட்டவெளி தொடங்கினால் அதைத் தாண்டிப் போகவும் தயங்கும். இதன் அன்றாட வாழ்க்கை பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி சகோதர இனமான கிரே உடும்பைப் பார்த்து அறிந்ததுதான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதனால் அதன் கதைக்கும் கொஞ்சம் போக வேண்டும்.

கிரே உடும்புக்கு 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே பெயர் வைத்தாகிவிட்டது. ஆனால் அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அருங்காட்சியகங்களில் இருந்த சில மாதிரிகளைத் தவிர அதைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. கொமோடோ டிராகனை ஆராய்ந்து பெயர் பெற்ற வால்டர் ஆஃபன்பெர்க் 1980களின் தொடக்கத்தில் தெற்கு லூசானின் பிகோல் பகுதிக்குப் போய் வேலையைத் தொடங்கிய பிறகுதான் அதன் வாழ்க்கை தெரியவந்தது. உள்ளூர் வேட்டைக்காரர்கள் பிடித்துத் தந்த நூற்றுக்கும் மேற்பட்ட உடும்புகளின் வயிற்றை அறுத்துப் பார்த்தார். 1988இல் அவர் எழுதிய நூல் வந்தது. முதிர்ந்த உடும்புகளின் வயிற்றில் பழங்கள் இருந்தன. நத்தைகளும் இருந்தன.

உடும்பு என்றால் இறைச்சி தின்னி என்பதுதான் பொது எண்ணம். நம் ஊர் உடும்பு வண்டு, தேள், முட்டை, எலி, தவளை என்று கிடைத்ததைத் தின்னும். இலங்கைக் குளக்கரைகளில் திரியும் கபரகொய்யா என்ற நீர் உடும்பு அழுகிய பிணத்தையும் விடாது. உலகில் இன்று அறியப்பட்ட 80க்கும் மேற்பட்ட உடும்பு இனங்களில் பழத்தை முக்கிய உணவாகக் கொண்டவை மூன்றே மூன்று. மூன்றும் பிலிப்பைன்ஸில். கிரே உடும்பு, பிட்டட்டாவா, அப்புறம் பனாய் தீவின் மபிட்டாங். கடைசியானதுக்கும் 2001இல்தான் பெயர் வந்தது, அதுவும் உள்ளூர்ப் பெயரே.

பழம் தின்ன உடம்பும் அதற்கேற்ப மாறியிருக்கிறது. கிரே உடும்பின் குட்டிகளுக்குப் பற்கள் கூராக இருக்கும். வயது ஏற ஏற மழுங்கிக் கட்டையாகும். நத்தை ஓட்டை நொறுக்கக் கூர்மை உதவாது, கனம்தான் உதவும். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் உள்ள பை மற்ற உடும்புகளைவிடப் பெரிது. நார்ப்பொருளை அங்கே வைத்துச் செரிக்கிறது.

எந்தப் பழம் என்பதிலும் தேர்வு உண்டு. தாழை இனத்துப் பழங்கள் முக்கியம். தாழம்பூ தரும் நம் கடற்கரைத் தாழையின் குடும்பம்தான். அன்னாசிபோல் திரண்டு, கட்டையான தனித்தனிக் காய்களாகப் பிரியும் பழம் அது. உடும்பு அவற்றை மெல்லாமல் விழுங்கும். மேல் சதை செரித்து விதை வெளியே வந்துவிடும். கருங்குங்கிலியத்தின் இனத்தைச் சேர்ந்த மரங்களின் பழங்களும் கிரே உடும்பின் உணவில் உண்டு. பெரிய விதையுள்ள பழத்தை முழுதாக விழுங்கித் தொலைவில் போடக்கூடிய விலங்குகள் ஒரு காட்டில் அதிகம் இருக்காது. இருவாச்சி ஒன்று, வௌவால்களில் சில. அந்தச் சிறு கூட்டத்தில் ஓர் உடும்பும் இருக்கிறது என்பது காட்டின் கணக்கையே கொஞ்சம் மாற்றுகிறது. ஒரு பழம் ஓய்ந்தால் அடுத்த பழம் தரும் மரம் பக்கத்தில் வேண்டும். எனவே இந்த உடும்புக்கு மரம் இருந்தால் மட்டும் போதாது, பலவகை மரங்கள் நிறைந்த பழைய காடு வேண்டும். லவானை மட்டும் குறிவைத்து வெட்டினாலும் மேல்தளத்தில் ஓட்டை விழும், பாதை அறுபடும்.

ஏன் சிக்கவில்லை

ஊர்வன ஆய்வாளர் ஒரு காட்டுக்குப் போனால் என்ன செய்வார்? இரவில் டார்ச் அடித்து ஓடையோரம் நடப்பார். குழிப்பொறி வைப்பார். கட்டை புரட்டுவார். பெரிய உடும்பு வேண்டுமென்றால் இறைச்சி அல்லது மீன் வைத்த கூண்டுப்பொறி. இந்த முறைகள் எல்லாம் தரைக்கும் ஓடைக்கும் உரியவை. லூசானில் பொறி வைத்தால் அந்தத் தீவின் நீர் உடும்பு வரும். அது இறைச்சி தின்னி, ஆற்றோரம் திரிவது, எங்கும் கிடைப்பது. மரத்தின் மேல் தாழம்பழம் தின்றுகொண்டிருக்கும் பிட்டட்டாவாவுக்கு மீன் வாசம் ஓர் அழைப்பே இல்லை. பொறியில் ஒரு பெரிய உடும்பு விழுந்தவுடன், 'இந்தக் காட்டின் உடும்பு இது' என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு நகர்வது எளிது. தேடல் தோற்றிருந்தால்கூடச் சந்தேகம் வந்திருக்கும். வேறோர் உடும்பு கிடைத்துவிட்டதால் சந்தேகம் வராமல் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

நேரில் பார்ப்பதும் சிரமம். ஆள் அரவம் கேட்டால் தண்டின் மறுபக்கம் நகர்ந்து அசையாமல் ஒட்டிக்கொள்வது மரவாழ் உடும்புகளின் வழக்கம். கறுப்பில் மஞ்சள் புள்ளி, படத்தில் பகட்டாகத் தெரியும். இலை இடுக்கில் விழும் வெயில் துணுக்குகளுக்கு நடுவே அதுவே நல்ல மறைப்பு.

லூசானுக்குக் கிழக்கே உள்ள பொலிலியோ தீவில் கிரே உடும்பை ஆராய்ந்த பென்னட் இதை வேறு வழியில் அணுகினார். ஆஃபன்பெர்க் செய்ததுபோல் கொன்று அறுக்காமல் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் கட்டுப்பாடு. மரத்தடியில் கிடக்கும் எச்சத்தைச் சேகரித்து விதைகளை எண்ணினார். தண்டில் நகம் பதிந்த கீறல்களைப் பார்த்தார். பழ மரங்களில் தானியங்கிக் கேமராக்களைக் கட்டினார். பிடித்த உடும்பின் மேல் நூல்கண்டு ஒன்றைப் பொருத்தி விட்டுவிடுவார். போகும் வழியெல்லாம் நூல் பிரிந்துகொண்டே போகும். மறுநாள் நூலைப் பிடித்துக்கொண்டு எந்த மரம், எந்தக் கிளை, எங்கே இறங்கியது என்று பார்க்கலாம். ரேடியோ கருவி சொல்லாத நுணுக்கத்தை ஒரு நூல்கண்டு சொல்லிவிடுகிறது. களத்தில் இதுபோன்ற வேலைகளுக்கு மதிப்பு குறைவாகவே கிடைக்கிறது என்பது என் நெடுநாள் மனக்குறை.

இனி ஆக்டா. லூசானின் கிழக்குக் கரைக் காடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் வேட்டைச் சமூகம். சில ஆக்டா குழுக்களில் பெண்களும் வில்லும் நாயுமாய் வேட்டைக்குப் போவது மானிடவியலில் பெயர்பெற்ற செய்தி. ஊர்வன அவர்களுக்கு எவ்வளவு நெருக்கமானவை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: அரோரா மாகாணத்துக் காசிகுரானில் 1962 முதல் ஆக்டாக்களோடு வாழ்ந்த தாமஸ் ஹெட்லண்ட், பாம்பு ஆய்வாளர் ஹாரி கிரீனுடன் சேர்ந்து 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவரிடம் பேசிய ஆக்டா ஆண்களில் 26 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது மலைப்பாம்பின் தாக்குதலுக்கு ஆளானவர்கள். அவர்களும் மலைப்பாம்பைக் கொன்று தின்றார்கள். இப்படி வாழ்கிறவர்களுக்கு எந்தப் பல்லி எந்த மரத்தில் இருக்கும் என்பது பிழைப்பு.

காட்டில் பெரிய உடும்பு இரண்டு வகை என்று அவர்கள் ஆய்வாளர்களிடம் சொல்லியிருந்தார்கள். பிரித்துச் சொல்ல அவர்கள் தந்த அடையாளங்களில் ஒன்று சுவை: மரத்தில் இருப்பதன் கறி நன்றாக இருக்கும். பிணம் தின்னும் உடும்பும் பழம் தின்னும் உடும்பும் ஒரே சுவையாக இருக்க வாய்ப்பில்லை என்று யோசித்தால், அந்தக் குறிப்பிலேயே உணவுப் பழக்கமும் வாழிடமும் இன வேறுபாடும் அடங்கியிருக்கின்றன. செதில் எண்ணிக்கையும் மரபணுவும் பின்னால் அதையே உறுதி செய்தன. தெற்கே கரபல்லோ மலைப்பக்கம் வாழும் இலொங்கோட் மக்களும் இதை அறிந்து வேட்டையாடியவர்கள்தான்.

பழங்குடி சொன்னதெல்லாம் சரி, அறிவியல் வீண் என்று இதைத் திருப்பிப் படிப்பவர்களும் உண்டு. அதுவும் சரியில்லை. காட்டில் உடும்பு இரண்டு வகை என்பது ஆக்டாவுக்குத் தெரியும். தெற்கு லூசானில் இருப்பது மூன்றாவது வகை என்பது அங்கே போகாதவருக்குத் தெரிய வழியில்லை. அதற்கு அருங்காட்சியகத்து மாதிரிகளும் மரபணு ஒப்பீடும் வேண்டியிருந்தன.

மூன்று பள்ளத்தாக்குகள்

இனவிளக்கக் கட்டுரையின் தலைப்பிலேயே 'மறைந்திருந்த ஓர் உயிர்ப்புவியியல் எல்லை' என்று இருக்கும். செய்திகளில் இது காணாமல் போனது, எனக்கு இதுதான் சுவையான பகுதி. பிட்டட்டாவாவும் கிரே உடும்பும் ஒரே தீவில் வாழ்கின்றன. நடுவில் கடல் இல்லை. 150 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளியும், குறைந்தது மூன்று தாழ்நில ஆற்றுப் பள்ளத்தாக்குகளும்தான் இருக்கின்றன. நீர் உடும்புக்கு ஆறு ஒரு பொருட்டே இல்லை, நீந்திக் கடலையே கடக்கும். மரத்தை விட்டு இறங்க மனமில்லாத விலங்குக்கு அந்தப் பள்ளத்தாக்கு கடல் மாதிரி. இன்று நாம் ஒரே தீவாகப் பார்க்கும் லூசான், நிலவியல் காலத்தில் தனித்தனித் தீவுகளாக இருந்து பின்னர் ஒட்டியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வடக்கே ஓர் இனம், தெற்கே ஓர் இனம் என்று பிரிந்து நிற்பதன் பின்னணி அங்கே இருக்கிறது. லூசானுக்குள்ளேயே இன்னும் எத்தனை விலங்குகள் இப்படி இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றன என்று தேடவும் இந்த உடும்பு காரணம் தந்தது.

பெயர் வந்த பிறகு

2011இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் உயிரின ஆய்வு நிறுவனம் வெளியிட்ட, ஆண்டின் சிறந்த பத்துப் புதிய இனங்கள் பட்டியலில் பிட்டட்டாவா இடம்பிடித்தது. காட்டைக் காக்க மக்களைக் கவரும் ஒரு முகம் வேண்டும், அதற்கு இது பொருத்தம் என்று கட்டுரையாளர்களே எழுதியிருந்தார்கள். ஈசபெலாவில் ஏற்கனவே அப்படி ஒரு முகம் உண்டு. 1999இல் சான் மரியானோ வட்டாரத்தில் மீண்டும் கண்டறியப்பட்ட பிலிப்பைன்ஸ் முதலை. முதலையாவது ஆற்றங்கரையில் படுத்துத் தரிசனம் தரும். யாரும் பார்க்க முடியாத ஓர் உடும்பை முகமாக வைத்து எவ்வளவு தூரம் போக முடியும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

காகிதத்தில் பாதுகாப்புக்குக் குறைவில்லை. வடக்கு சியரா மாத்ரே இயற்கைப் பூங்கா 3,59,486 ஹெக்டேர், நாட்டின் மிகப் பெரிய பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் ஒன்று. அதற்கான தனிச்சட்டம் 2001இல் வந்தது. இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதற்கு 2011 பிப்ரவரியில் அதிபர் மூன்றாம் பெனிக்னோ அக்கினோ தடை உத்தரவு போட்டார். உடும்பு இனங்கள் எல்லாமே பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. ஆனாலும் கள்ள மரவெட்டு ஓயவில்லை. இலகானிலிருந்து கடற்கரை ஊரான திவிலக்கானுக்குப் பழைய மரவெட்டுப் பாதையையே தடமாகக் கொண்டு மலையைக் கடக்கும் சாலையும் வந்தது. கரையில் தனித்துக் கிடந்தவர்களுக்கு அது தேவைதான், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மேல்தளம் அறுபட்டால் இந்த உடும்புக்கு என்ன ஆகும் என்பதை முன்பே பார்த்தோம்.

வேட்டை விஷயம் இன்னும் சிக்கலானது. 2001ஆம் ஆண்டின் பிலிப்பைன்ஸ் வனவிலங்குச் சட்டம், பழங்குடியினர் விற்பனைக்காக அல்லாமல் மரபுவழித் தேவைக்கு விலங்குகளைப் பிடிக்க இடம் தருகிறது. அழியும் ஆபத்தில் இருப்பதாகப் பட்டியலிடப்பட்ட இனங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அதாவது, தாங்கள் அடையாளம் காட்டிய விலங்கு அந்தப் பட்டியலில் ஏறினால், முதலில் சட்டத்துக்கு வெளியே போகிறவர்கள் ஆக்டாக்கள்தான். என்னைக் கேட்டால், நாயும் வில்லும் கொண்டு போகிற சில குடும்பங்களால் இந்த உடும்புக்கு வரும் ஆபத்து, லவான் லாரிகளால் வரும் ஆபத்துக்குப் பக்கத்தில்கூட நிற்காது.

செல்லப்பிராணிச் சந்தை தனிக் கதை. அபூர்வம் என்று தெரிந்துவிட்டால் விலை வரும். 2013இல் வெல்டனும் சகாக்களும், பிலிப்பைன்ஸில் கள்ளத்தனமாக விற்கப்பட்ட உடும்புகளின் மரபணுவை எடுத்து, அவை எந்தத் தீவின் எந்தப் பகுதியிலிருந்து பிடிக்கப்பட்டவை என்று தடம் காணும் ஆய்வை வெளியிட்டார்கள். பிடித்த இடம் தெரிந்த திசு மாதிரிகளே அங்கே ஒப்பீட்டுக்கு அடிப்படை. மணிலாவில் ஒரு கூண்டில் இருக்கும் உடும்பு எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று இப்போது கேட்டால், ஆய்வகத்தில் பதில் எடுக்க முடியும்.